கார்னியா: வில்லையும் அதுவே, சுவரும் அதுவே

ஆற்றில் முழுகிக் கண்ணைத் திறந்து பார்ப்பவனுக்கு அடியிலுள்ள கூழாங்கற்கள் வெறும் நிழல்களாகவே தெரிகின்றன. நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தாலும் இந்நிலை மாறுவதில்லை. கண்ணில் கோளாறு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. கண்ணின் முன்புறத்திலுள்ள வில்லையொன்று அந்த நேரத்துக்குத் தன் வேலையை இழந்து நிற்கிறது, அவ்வளவே. கைக்கடிகாரத்தின் முகத்தை மூடியுள்ள கண்ணாடியைப் போலக் கருவிழியின் முன்னே வளைந்து நிற்கும் நிறமற்ற படலமே அந்த வில்லை. மருத்துவ நூல்கள் அதனைக் கார்னியா என வழங்கும். கண்ணுக்குள்ளே இருக்கும் வில்லைதான் பிம்பத்தை அமைக்கிறது என்று பலரும் எண்ணுவதுண்டு. உண்மையில் பெரும்பங்கு வேலை கார்னியாவினுடையது.

இதனை ஆங்கில அறிஞர் தாமஸ் யங் 1801-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் மிக அழகாகப் பயன்படுத்திக்கொண்டார். அவர் நீர் நிரம்பிய சிறு குழாயொன்றைத் தம் கண்ணின்மேல் பொருத்தி, கார்னியாவின் ஆற்றலை நீக்கிவிட்டார். இழந்த ஆற்றலை வேறொரு கண்ணாடி வில்லையால் ஈடுசெய்தார். அண்மையிலுள்ள பொருளுக்கும் சேய்மையிலுள்ள பொருளுக்கும் ஏற்பக் கண் தன்னைத் திருத்திக்கொள்ளும் திறன் அப்போதும் குன்றவில்லை. ஆகவே அத்திறன் உள்வில்லையைச் சார்ந்தது என்பதும், கார்னியாவின் ஆற்றல் மாறாது நிற்பது என்பதும் புலனாயின.

ஒளியின் கணக்கு

ஒரு மீட்டர் தொலைவில் இணைக்கதிர்களைக் குவிக்கும் வில்லையின் ஆற்றல் ஒரு டையாப்டர் எனப்படும். மனிதக் கண் முழுவதன் ஆற்றல் ஏறத்தாழ 60 டையாப்டர். கார்னியாவின் முன்பரப்பின் வளைவு ஆரம் சராசரியாக 7.8 மில்லிமீட்டர், அதன் ஒளிவிலகல் எண் 1.376. காற்றிலிருந்து கார்னியாவுக்குள் புகும் ஒளி இந்த ஒரு பரப்பில் மட்டுமே 48 டையாப்டர் அளவுக்கு வளைக்கப்படுகிறது. பின்பரப்பு இதற்கு எதிராக வேலை செய்து ஏறக்குறைய 6 டையாப்டரைக் குறைக்கிறது. எஞ்சுவது 42, அதாவது மொத்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு.

நீருக்குள் என்ன நேர்கிறது என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும். நீரின் ஒளிவிலகல் எண் 1.333. அது கார்னியாவின் எண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், 48 டையாப்டராக இருந்த முன்பரப்பின் ஆற்றல் ஐந்தரையாகச் சுருங்கிவிடுகிறது. பின்பரப்பு அதனையும் ஈடழித்துவிடுகிறது. கார்னியா நீருக்குள் வில்லையாக இருப்பதே இல்லை.

வளைவு ஆரம் 7.8-லிருந்து 8 மில்லிமீட்டராக மாறினால், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே தட்டையானால், ஒரு டையாப்டருக்கு மேல் ஆற்றல் குறைந்துவிடுகிறது. கிட்டப்பார்வை உடையவரின் கண் பெரும்பாலும் சற்று நீண்டிருக்கும். பிம்பம் விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடும். கண்ணின் நீளத்தைக் குறைக்க வழியில்லை. ஆயின் கார்னியாவைச் சிறிதளவு தட்டையாக்கினால் பிம்பம் பின்னே சென்று விழித்திரையில் விழும். இத்துணைச் சிறு மாற்றம் இத்துணைப் பெரிய பயனைத் தரும் என்றால், அதனைச் செய்து பார்க்கும் ஆசை மருத்துவர்க்கு எழாதிருக்குமா?

தாங்கும் சுவர்

ஆசைக்குத் தடையாக நிற்பது கார்னியாவின் இரண்டாவது பணி. அது வில்லை மட்டுமன்று. கண் என்னும் உருண்டையின் சுவரில் ஒரு பகுதியும் ஆகும். கண்ணினுள்ளே வெளிக்காற்றைக் காட்டிலும் சுமார் 15 மில்லிமீட்டர் பாதரச அளவு மிகுதியான அழுத்தம் எந்நேரமும் நிலவுகிறது. 20 சென்டிமீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் தன் அடியில் தரும் அழுத்தத்துக்கு இது சமம். இதனை இராப்பகலாகத் தாங்கும் கார்னியாவின் தடிப்பு நடுவிடத்தில் சராசரியாக 540 மைக்ரான். அரை மில்லிமீட்டரைச் சிறிதே தாண்டும். விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லத் தடிப்பு மிகும்.

உருண்டையான மெல்லிய சுவரில் ஏற்படும் இழுவிசை, உள்ளழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிப்பின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். சோப்புக் குமிழிக்கும் கால்பந்துக்கும் பொருந்தும் இவ்விதி கண்ணுக்கும் பொருந்தும். இதன்படி கார்னியாவின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் கண்ணழுத்தத்தைப் போல் ஏழு மடங்கு இழுவிசையைத் தாங்குகிறது. தடிப்பைப் பாதியாக்கினால் அது பதினான்கு மடங்காகும். ஒளியியல் கணக்கில் சில மைக்ரான்கள் இலாபமாகத் தோன்றும்போது சுவரின் கணக்கில் அவை செலவாக எழுதப்படுகின்றன.

இச்சுவரின் கட்டமைப்பு வியக்கத்தக்கது. வெளியே 50 மைக்ரான் தடிப்புள்ள செல்லடுக்கு; உட்புறத்தில் ஒற்றை வரிசையாக அமைந்த செல்கள். இடையிலுள்ள ஸ்ட்ரோமா என்ற பகுதியே மொத்தத் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு. அதில் கொலாஜன் என்னும் புரதத்தாலான தாள்கள் இருநூற்றுக்கு மேல் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தாளும் ஒரே திசையில் ஓடும் நுண்ணிழைகளால் ஆனது. ஓர் இழையின் பருமன் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணின் வெண்பகுதியும் இதே கொலாஜனால் ஆனதுதான். ஆயினும் அது வெண்மை, இது பளிங்கு. இழைகள் ஒரே பருமனுடன், சீரான இடைவெளியில் அமைந்திருப்பதால் அவை சிதறடிக்கும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன என்று லண்டனில் டேவிட் மாரிஸ் 1957-இல் விளக்கினார். வெண்பகுதியில் இந்த ஒழுங்கு இல்லை.

ஸ்ட்ரோமா எங்கும் ஒரே வலிமை உடையதன்று. முன்பகுதியிலுள்ள தாள்கள் பாய் முடைந்ததுபோல் ஒன்றோடொன்று ஊடுருவிப் பின்னியவை. பின்பகுதியிலோ காகிதக் கட்டில் அடுக்கிய தாள்கள் போன்றவை; எளிதில் பிரிபவை. இழுத்துச் சோதித்தவர்கள் முன்பகுதியே பெரிதும் வலியது எனக் கண்டுள்ளனர். பார்வையைத் திருத்தும் அறுவை முறைகளுள் பெரும்பாலானவை கைவைப்பது இந்த வலிய பகுதியில்தான்.

கத்தியின் காலம்

கார்னியாவில் இடும் கீறல்கள் அதன் வளைவை மாற்றும் என்பதை டச்சு மருத்துவர் லான்ஸ் 1898-இல் முயல்களின் கண்களில் செய்த சோதனைகளால் காட்டினார். ஜப்பானில் சாட்டோ என்ற மருத்துவர் 1940-களில் மனிதக் கண்களில் இம்முறையைக் கையாண்டார். கார்னியாவின் முன்புறத்தில் மட்டுமின்றிப் பின்புறத்திலும் கீறல்கள் இடப்பட்டன. உடனடிப் பயன் கண்டு நோயாளிகள் மகிழ்ந்தனர். ஆனால் பின்புறத்திலுள்ள ஒற்றை வரிசைச் செல்கள் ஸ்ட்ரோமாவிலிருந்து நீரை ஓயாது இறைத்து அதனைத் தெளிவாக வைத்திருப்பவை. மனிதரிடத்தில் அவை அழிந்தால் மீண்டும் பெருகுவதில்லை. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து அக்கண்களில் பல நீர்கோத்து வீங்கி ஒளிபுகா நிலையை அடைந்தன. பின்செல்களின் இன்றியமையாமை மருத்துவ உலகுக்கு முழுமையாக விளங்கியது அதன் பின்னரே.

மாஸ்கோவில் ஃபியோதரவ் 1970-களில் முன்புறக் கீறல்களை மட்டும் கொண்ட முறையை உருவாக்கினார். சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல, நடுவிடத்தைத் தொடாமல், விளிம்பை நோக்கிக் கீறல்கள் இடப்பட்டன. தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு ஆழத்துக்குக் கத்தி சென்றது. கீறிய ஓரப்பகுதி தளர்ந்து, கண்ணழுத்தத்தால் வெளியே தள்ளப்படும். அதனால் நடுவிடம் தட்டையாகும். இங்கே வில்லையைத் திருத்திய விசை கத்தியினுடையது அன்று, கண்ணழுத்தத்தினுடையது. சுவரை வேண்டுமென்றே தளர்த்தி அதன்மூலம் வில்லையைத் திருத்தியது இம்முறை.

தளர்ந்த சுவர் ஓரிடத்தில் நின்றுவிடும் என்பதற்கு உறுதி என்ன? 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பல மருத்துவ நிலையங்கள் சேர்ந்து இம்முறையால் சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்தன. பத்தாண்டு முடிவுகள் 1994-இல் வெளியாயின. 43 சதவீதக் கண்களில் ஒரு டையாப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வையை நோக்கிய மாற்றம் நேர்ந்திருந்தது. கார்னியா நிற்காமல் தட்டையாகிக்கொண்டே சென்றிருந்தது. காலையில் ஒரு பார்வையும் மாலையில் ஒரு பார்வையுமாக இருந்தவர்களும் உண்டு.

இக்குறை மிகக் கடுமையாக வெளிப்பட்டது எவரெஸ்ட் மலைச்சரிவில். 1996-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் உச்சியை நோக்கி ஏறிய குழுவொன்றில் பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இருந்தார். அவர் முன்னரே ஆரக்கால் கீறல் சிகிச்சை செய்துகொண்டவர். கார்னியாவில் இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய பிராணவாயுவில் பெரும்பகுதியை அது வெளிக்காற்றிலிருந்தே பெறுகிறது. 8,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் கார்னியா நீர்கோத்து வீங்கும். கீறல் படாத கார்னியா எங்கும் ஒரே சீராக வீங்குவதால் பார்வை பெரிதும் மாறுவதில்லை. கீறிய கார்னியாவோ கீறல்களின் அருகில் மிகுதியாக வீங்க, நடுவிடம் மேலும் தட்டையாகிறது. வெதர்ஸ் வழி தெரியாமல் பாதியில் நின்றுவிட்டார். கீழே இறங்கும்போது குழுவினர் புயலில் சிக்கினர். இறந்துவிட்டார் என்று விடப்பட்ட அவர் மறுநாள் தாமே நடந்து பாசறைக்குத் திரும்பினார். பனிக்கடியால் வலக்கையையும் மூக்கையும் இழந்தார். பனிக்கடிக்குக் காரணம் புயல்தான். ஆயினும் அவரை உச்சிக்குச் செல்லவிடாமல் நிறுத்தியது அவருடைய கார்னியா.

கத்திக்குப் பதிலாக ஒளி

கீறுவதை விடுத்து, வேண்டாத அளவைச் செதுக்கி எடுப்பது என்ற எண்ணம் கொலம்பியா நாட்டின் பொகொட்டா நகரில் ஜோசே பாரக்கேர் என்பவரிடம் தோன்றியது. அவர் கார்னியாவின் மேற்பகுதியை மூடிபோல் சீவியெடுத்து, உறையவைத்து, கடைசல் இயந்திரத்தில் கடைந்து, மீண்டும் கண்ணில் தைத்தார். எண்ணம் சரியானதே, கருவிதான் முரடாக இருந்தது.

ஏற்ற கருவியைக் கண்டெடுத்தவர்களுள் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி ஸ்ரீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சி நிலையத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் அவர் எக்சைமர் என்னும் லேசரைப் பிளாஸ்டிக் தகடுகளின்மீது செலுத்தி ஆராய்ந்துவந்தார். 1981 நவம்பரில், விருந்தில் மீந்த வான்கோழித் துண்டின்மீது அந்த ஒளி பாய்ச்சப்பட்டது. சுற்றிலும் கருகாமல், உளியால் செதுக்கியதைப் போல் துல்லியமான பள்ளம் விழுந்தது. இந்த ஒளியின் அலைநீளம் 193 நானோமீட்டர். அதன் ஒவ்வொரு ஒளித்துகளும் கரிம அணுக்களின் பிணைப்பை நேரே அறுக்கும் ஆற்றல் உடையது. ஆதலின் வெப்பம் பரவுமுன் பொருள் தெறித்துச் சென்றுவிடுகிறது. ஒரு துடிப்பு அகற்றும் தடிப்பு கால் மைக்ரான் அளவே. 1983-இல் கண் மருத்துவர் ஸ்டீவன் டிரோக்கலும் ஸ்ரீனிவாசனும் சேர்ந்து கன்றுகளின் கண்களில் இதனைச் சோதித்தனர். பத்தாண்டுக்குள் இக்கருவி மருத்துவமனைகளில் இடம்பெறத் தொடங்கியது.

எவ்வளவு செதுக்கவேண்டும் என்பதற்கு எளிய கணக்கொன்று உண்டு. செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தைத் திருத்தவேண்டிய டையாப்டரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் நடுவிடத்தின் ஆழம் மைக்ரானில் கிடைக்கும். விட்டம் 6 மில்லிமீட்டரானால் டையாப்டருக்கு 12 மைக்ரான், ஆறரையானால் 14. வட்டம் சிறியதானால் செலவு குறையும். ஆனால் இரவில் கண்மணி விரியும்போது செதுக்காத பகுதியின் வழியாகவும் ஒளி புகுந்து, விளக்குகளைச் சுற்றி ஒளிவளையங்கள் தோன்றும். வட்டம் பெரியதானால் பார்வை நன்று, சுவர் மெலியும். ஒளியியலும் விசையியலும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் இதுவே.

முதலில் மேற்புறச் செல்லடுக்கை நீக்கிவிட்டு லேசரை நேரே செலுத்தினர். அதில் சில நாட்கள் வலியும், பார்வை தெளியச் சில வாரங்களும் ஆகும். கிரீசைச் சேர்ந்த பல்லிகாரிஸ் 1990-இல் வெளியிட்ட முறை வேறு. கார்னியாவின் மேற்பகுதியை ஒரு மடலாகச் சீவி, புத்தகத்தின் அட்டையைத் திறப்பதுபோல் ஒருபுறம் திருப்பி, உள்ளே செதுக்கிய பின் மடலை மூடிவிடுவது. மறுநாளே பார்வை தெளிகிறது, வலி குறைவு. லேசிக் என்ற பெயருடன் உலகெங்கும் பரவியது இதுவே.

மடல் பழைய இடத்துக்குத் திரும்பினாலும் பழைய வேலைக்குத் திரும்புவதில்லை. அதன் ஓரம் மட்டுமே ஓரளவு உறுதியாக ஒட்டும். இடைப்பரப்பில் அறுபட்ட இழைகள் மீண்டும் பின்னிக்கொள்வதில்லை. சுவரின் கணக்கில் மடலின் தடிப்பும் பெரும்பாலும் செலவே.

இருவரைக் கருதுக. ஒருவருக்குக் கார்னியாவின் தடிப்பு 540 மைக்ரான்; கிட்டப்பார்வை 4 டையாப்டர். ஆறரை மில்லிமீட்டர் வட்டத்தில் 56 மைக்ரான் செதுக்கவேண்டும். மடல் 110. எஞ்சி நின்று சுமை தாங்குவது 374 மைக்ரான். மாற்றமடைந்தது முப்பத்தொரு சதவீதம். மற்றவருக்குத் தடிப்பு 490. கிட்டப்பார்வை 9 டையாப்டர். செதுக்குவது 127, மடல் 120. எஞ்சுவது 243 மட்டுமே. மாற்றமடைந்தது பாதிக்கும் சற்று மேல். இருவரும் மறுநாள் ஒன்றுபோல் தெளிவாகப் பார்க்கக்கூடும். ஆனால் இரண்டாமவரின் சுவர் மெல்ல மெல்ல முன்னே புடைத்து, பார்வை மறுபடியும் கெட்டு, கண்ணாடியாலும் திருத்த முடியாத நிலை வரக்கூடும்.

இத்தகைய புடைப்பை லேசிக் சிகிச்சைக்குப் பின் நேர்ந்த கேடாக தியோ சைலர் 1998-இல் அறிவித்தார். அடியில் குறைந்தது 250 மைக்ரான் எஞ்சவேண்டும் என்ற விதி வழக்கத்துக்கு வந்தது. மாற்றமடையும் பங்கு 40 சதவீதத்தை எட்டினால் ஆபத்து மிகும் என்ற எச்சரிக்கை 2014-இல் வெளிவந்த ஆய்வால் சேர்ந்தது. மேற்கூறிய இரண்டாமவர் இவ்விரு விதிகளாலும் விலக்கப்படுவார்.

எண்களுக்கு அகப்படாதவை

விதிகள் எல்லாம் பொருந்தியிருந்தும் சிலருக்குப் புடைப்பு நேர்ந்தது. தடிப்பு மட்டுமே வலிமையன்று என்பதை இது காட்டிற்று. கார்னியாவை ஒரு பிளாஸ்டிக் துண்டாகக் கருதலாகாது என்று 2000-ஆம் ஆண்டில் சிந்தியா ராபர்ட்ஸ் வற்புறுத்தினார். செதுக்கும்போது நடுவிலுள்ள தாள்கள் அறுபடுகின்றன. அவற்றின் எஞ்சிய ஓரங்கள் இழுவிசை தளர்ந்து தடிக்கின்றன. அத்தடிப்பு அடியிலுள்ள தாள்களை வெளிப்புறமாக இழுத்து நடுவிடத்தை மேலும் தட்டையாக்குகிறது. கார்னியா செதுக்கப்படும்போதே எதிர்ச்செயல் புரிகிறது என்பது இதன் கருத்து.

பெரும் அபாயம், முன்னரே நோய்கொண்ட கார்னியாவைச் செதுக்குவதில் உள்ளது. கூம்புவிழி என்னும் நோயில் கார்னியா தானே மெலிந்து கூம்புபோல் புடைக்கும். பெரும்பாலும் பதின்பருவத்திலோ இருபதுகளிலோ தொடங்குவது. கண்ணாடியின் எண் அடிக்கடி மாறுவதே முதல் அறிகுறி. கண்ணாடியை வெறுத்து அறுவை நாடி வருவோரின் வயதும் அதுவே. இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் நடத்தப்பட்டு 2000-இல் வெளிவந்த ஆய்வொன்று, அங்கு வாழும் ஆசிய வம்சத்தாரிடையே இந்நோய் வெள்ளையரைக் காட்டிலும் நான்கு மடங்கு எனக் கண்டது. ஆகவே மேனாட்டில் வகுத்த விதிகளைக் கண்மூடி ஏற்பது இந்தியருக்கு நன்றன்று. வெப்பமும் புழுதியும் மிக்க ஊர்களில் ஒவ்வாமையால் கண் அரிக்க, சிறுவர்கள் முட்டியால் அழுத்தித் தேய்ப்பது அன்றாடக் காட்சி. நாள்தோறும் இவ்வாறு தேய்ப்பது கூம்புவிழியோடு நெருங்கிய தொடர்புடையது. அரிப்புக்கு மருந்திடுவது எளிது. தேய்த்துத் தேய்த்துப் புடைத்த கார்னியாவை முன்போல் ஆக்குவது அரிது.

நோயின் தொடக்கத்தில் முன்பரப்பு ஒழுங்காகவே தோன்றலாம். பின்பரப்பே முதலில் புடைக்கக்கூடும். அதனால் இன்றைய சோதனைகள் சாய்ந்த தளத்தில் படமெடுக்கும் கருவியால் இரு பரப்புகளையும் தடிப்பையும் இடத்துக்கு இடம் அளந்து வரைபடமாக்குகின்றன. மற்றொரு கருவி கார்னியாவின்மேல் சிறிது காற்றை ஊதி, அது குழிந்து மீள்வதை நொடிக்கு 4,000 படங்களுக்கு மேல் எடுத்து நோக்குகிறது. ஒட்டுவில்லை அணிபவர்கள் சில நாட்களோ வாரங்களோ அதனை நீக்கிய பின்னரே இச்சோதனைகளுக்கு வரவேண்டும். இல்லையேல் அது அழுத்திய வடிவமே படத்தில் பதியும். வேலைக்கான பார்வைத் தகுதியோ திருமணமோ நெருங்கிவிட்டதென்று இச்சோதனைகளைச் சுருக்கச் சொல்வோர் உண்டு. அவசரத்துக்கு இங்கு இடமில்லை.

மெலிந்த சுவரை வலுப்படுத்தவும் இப்போது ஒரு வழி உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தார் 2003-இல் வெளியிட்ட முறைப்படி, வைட்டமின் பி2 கலந்த சொட்டு மருந்தைக் கார்னியாவில் ஊறவைத்து, 370 நானோமீட்டர் புறஊதா ஒளியை அரைமணி நேரம் செலுத்துவார்கள். கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் தோன்றிச் சுவர் இறுகும். பின்செல்களை அவ்வொளி தாக்காதிருக்க 400 மைக்ரான் தடிப்பாவது வேண்டும் என்பது அம்முறையின் நிபந்தனை. நோய் மேலும் வளர்வதை இது பெரும்பாலும் தடுக்கும்; கூம்பைக் கரைத்துவிடாது.

மடலே இல்லாமல், கார்னியாவின் உள்ளேயே லேசரால் வில்லைபோன்ற துண்டொன்றை வகுத்துச் சிறு துளை வழியே உருவியெடுக்கும் முறையும் வந்துள்ளது. குஜராத்தின் வடோதராவில் ரூபல் ஷாவும் அவருடன் பணியாற்றியோரும் 2011-இல் வெளியிட்ட முடிவுகள் இம்முறையின் தொடக்ககால ஆய்வுகளுள் அடங்கும். பின்னிய முன்தாள்கள் பெரிதும் அறுபடாமல் தப்புவதால் வலிமை மிஞ்சும் என்பது கோட்பாட்டளவில் ஏற்கத்தக்கதே. ஆயினும் இதற்குப் பின்னும் புடைப்பு நேர்ந்த நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. முறை எதுவாயினும் கார்னியாவைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழையை அது ஈடுசெய்யாது.

செதுக்கிய கண் பிற்காலத்தில் இரண்டு அளவைகளை ஏமாற்றும். கண்ணழுத்தம் அளக்கும் கருவி கார்னியாவை அழுத்தித் தட்டையாக்கியே அளக்கிறது. மெலிந்த கார்னியா எளிதில் வளைவதால் அழுத்தம் குறைவாகக் காட்டும். பசும்படல நோய் என்னும் அழுத்த நோய் இதனால் கண்ணுக்குத் தப்பலாம். கண்புரை வந்து செயற்கை வில்லை பொருத்தும்போதும் இடர் உண்டு. வளைவளவி முன்பரப்பை மட்டும் அளந்து, பின்பரப்பு அதற்கு இயற்கையான விகிதத்தில் இருப்பதாகக் கொண்டு கணக்கிடுகிறது. செதுக்கிய கண்ணில் அவ்விகிதம் மாறிவிட்டதால் கார்னியாவின் ஆற்றலை மிகைப்படக் காட்டும்; தேர்ந்தெடுத்த வில்லை ஆற்றல் குறைந்ததாகி, நோயாளி தூரப்பார்வையுடன் எழுவார். இதற்கென வகுத்த புதிய சூத்திரங்கள் இன்று உள்ளன. ஆனால் அவற்றை நாடவேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரிவது, முன்னர் அறுவை நடந்ததை நோயாளி சொன்னால்தான். இருபது வயதில் செதுக்கிய கார்னியா அறுபது வயதில் வெறும் கண்ணுக்கு மற்றக் கார்னியாக்களைப் போலவே தோன்றும். அறுவைக்கு முன் எடுத்த வளைவு, தடிப்பு, கண்ணாடி எண், கண்ணழுத்தம் ஆகிய நான்கும் எழுதிய தாள் நோயாளியிடமே இருக்கவேண்டுவது இதனால்தான்.